கௌரவப் பட்டியலும் கூலிப் பதிவேடும்: போர்க்காலத் தொழிலகமும் திருகோணமலைத் துறைமுகமும்

போரிற் பட்டவனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்து வழிபடும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல், உரிய கல்லைக் காண்பது தொடக்கம் நட்ட கல்லை வாழ்த்துவது வரை அம்மரபினை ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகின்றது. செங்கம், தருமபுரிப் பகுதிகளிற் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்கள் பல, இறந்தவன் பெயரையும் அவன் இறந்த காரணத்தையும் சில வரிகளிற் தருவன. அக்கற்களை நட்டோர் அவனுடைய சுற்றத்தாரும் அவனோடு வாழ்ந்தோரும் ஆவர். நினைவுகூரும் கடமை, அவன் உழைத்தும் உண்டும் வாழ்ந்த சமூகத்தின் கையிலேயே இருந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கைத்தொழிற் புரட்சியின் பின் இந்நிலை மாறிற்று. மனிதன் தன் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைத் தொழிலகத்திற் கழிக்கலானான். இருபதாம் நூற்றாண்டின் பெரும் போர்கள் இலட்சக்கணக்கானோரை வேண்டியபோது, அவர்கள் சென்றது ஊரிலிருந்து மட்டுமன்று. ஆலைகளிலிருந்தும் இருப்புப்பாதை நிலையங்களிலிருந்தும் வங்கிகளிலிருந்தும் துறைமுகங்களிலிருந்தும் சென்றனர். ஆகவே, சென்றவர்களைக் கௌரவிக்கும் கடமையிற் தொழிலகமும் பங்குகொண்டது. இவ்வழக்கத்தின் இயல்பினையும் எல்லையினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நாம் தெரிந்துகொள்ளும் களம் திருகோணமலைத் துறைமுகம். வேலைத்தலத்தை விட்டுப் போர்முனைக்குச் சென்றவனைக் கௌரவிக்கும் வழக்கம், போர்முனையே வேலைத்தலத்தைத் தேடி வந்த ஓரிடத்தில் என்னவாயிற்று என்ற வினாவுக்கு அத்துறைமுகம் விடை தரக்கூடியது.

1. வழக்கத்தின் தோற்றமும் இயல்பும்

முதலாம் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானியாவில், தொழிலகங்களின் வாயிலிலோ பணிமண்டபத்திலோ கௌரவப் பட்டியல் ஒன்று தொங்குவது பொதுவழக்காயிற்று. படையிற் சேர்ந்த ஊழியரின் பெயர்கள் அதில் எழுதப்பட்டன. இறந்த செய்தி வந்தால் அப்பெயரின் அருகே ஓர் அடையாளம் இடப்பட்டது. சென்றவனுக்கு அவன் வேலை திரும்பவும் தரப்படும் என்ற உறுதியும், அவன் குடும்பத்துக்கு ஊதியத்தின் ஒரு பகுதியும் பல நிறுவனங்களால் வழங்கப்பட்டன. போர் முடிந்தபின் கடதாசிப் பட்டியலின் இடத்தைப் பித்தளைத் தகடும் பளிங்குப் பலகையும் பெற்றன.

இவற்றுட் பெரியதொன்று கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதைக் கம்பனியின் நினைவுச்சின்னமாகும். அக்கம்பனியின் ஊழியருள் 25,479 பேர் படையிற் சேர்ந்தனர். அவர்களுள் 2,524 பேர் மடிந்தனர். 1922 நவம்பர் 11 ஆந் திகதி இலண்டன் பாடிங்டன் நிலையத்திலே திறந்துவைக்கப்பட்ட அச்சின்னத்தை வடித்தவர் சார்ள்ஸ் சார்ஜன்ற் ஜாகர் என்னும் சிற்பி. வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக்கொண்டு நிற்கும் ஒரு போர்வீரனையே அவர் வடித்தார். மடிந்தோர் அனைவரின் பெயர்களும் எழுதப்பெற்ற சுருள் சிலையின் அடியில் வைக்கப்பட்டது. புகைவண்டிக்குக் காத்திருப்போர் நாள்தோறும் கடந்துசெல்லும் மேடையிலே, அதே மேடையில் வேலைசெய்தவர்கள் நினைவுகூரப்பட்டனர்.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வழக்கம் வேறு வடிவம் பெற்றது. 1917 இல் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த இராணுவ அதிகாரி ஒருவர், போர்முனையிலிருந்த தம் மைந்தர் இருவரை முன்னிட்டு, சிவப்புக் கரையிட்ட வெள்ளைத் துணியில் நீல நட்சத்திரம் பதித்த கொடியொன்றை உருவாக்கினார். சேவையிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நீல நட்சத்திரம். இறந்தவருக்குப் பொன்னிற நட்சத்திரம். வீட்டுச் சாளரத்துக்கென எழுந்த அக்கொடி விரைவிலே தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பறக்கத் தொடங்கியது. அங்கே நட்சத்திரங்கள் பத்து, நூறு எனப் பெருகின.

இவ்வழக்கத்தை முதலாளியின் தன்னலம் என்று மட்டும் விளக்கிவிட முடியாது. தொழிலகத்திலே தொங்கும் பட்டியல் படைக்கு ஆட்சேர்க்கும் கருவியாகவும் தொழிற்பட்டது என்பது உண்மையே. அதில் இடம்பெறாத இளைஞன் ஒவ்வொருநாளும் அதன்முன் நின்று தலைகுனிய நேர்ந்தது. தொழிலாளிக்கும் முதலாளிக்குமிடையே நிலவிய முரண்பாட்டைப் பொதுத் தியாகம் என்ற போர்வையால் மூடவும் அது உதவியது. எனினும், பக்கத்து இயந்திரத்தில் நின்றவன் திரும்பி வராதபோது அவன் பெயரை எழுதிவைக்க வேண்டுமென்று விரும்பியவர்கள் அவனுடைய தோழர்களே. நினைவுப் பலகைகள் பலவற்றுக்கு ஊழியர்கள் தாமே காசு சேர்த்தனர். ஆளும் வர்க்கத்தின் தேவையும் உழைப்போரின் துயரமும் ஒரே பலகையிற் சந்தித்தன எனலாம்.

ஆனால் அப்பலகைக்கு ஓர் அடிப்படை விதி இருந்தது. பெயர் இடம்பெற வேண்டுமாயின் ஒருவன் வேலையை விட்டுச் சீருடை அணிந்திருத்தல் வேண்டும்; அவன் பெயர் நிறுவனத்தின் பதிவேட்டில் நிரந்தரமாக இருந்திருத்தலும் வேண்டும். இவ்விரு நிபந்தனைகளும் குடியேற்ற நாடுகளில் எவ்வாறு தொழிற்பட்டன என்பதை இனி நோக்குவோம்.

2. இலங்கையில் நினைவும் நிறமும்

1914 ஒக்ரோபரில் இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப்படையின் ஓர் அணி கொழும்பிலிருந்து எகிப்துக்குப் புறப்பட்டது. அப்படையில் ஐரோப்பியரே சேரலாம். துரைமார் பலர் போருக்குச் சென்றபோது தோட்டங்கள் மூடப்படவில்லை. கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் அவை தொடர்ந்து இயங்கின. பிரித்தானியப் படைகளும் மக்களும் அருந்திய தேயிலை அவர்களின் கைவழியே சென்றது. ஆயினும், போரில் தோட்டத்தின் பங்கு என்று பேசப்பட்டது துரையின் பங்கே. தொழிலாளி ஆற்றியது வேலை எனவும் துரை ஆற்றியது சேவை எனவும் கொள்ளப்பட்டன.

பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னை மாகாணத்தில், பிறிதொரு வகை நினைவுச்சின்னத்தைக் காண்கிறோம். இக்கிராமத்திலிருந்து பெரும் போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று மட்டும் கூறும் சிறிய கற்பலகைகள் தமிழகத்துக் கிராமங்கள் சிலவற்றில் இன்றும் உள்ளன. எண் உண்டு, பெயர் இல்லை. ஆநிரை மீட்டுப் பட்டவனின் பெயரைக் கல்லிற் பொறித்த நாட்டிலே, பேரரசு நட்ட கல் எண்ணிக்கையோடு நின்றுவிட்டது.

இலங்கையில் இவ்வேறுபாட்டுக்கு எதிர்ப்பும் எழுந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 11 இல் விற்கப்பட்ட பொப்பி மலரின் வருவாயிற் பெரும்பங்கு பிரித்தானியாவுக்கே சென்றது. இலங்கையரான முன்னாட் போர்வீரர் புறக்கணிக்கப்படுவதைக் கண்டித்து, ஏலியன் பெரேரா என்பார் அதே நாளிற் சூரிய மலரை விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். சூரிய மலர் என்பது நாம் பூவரசம்பூ என்று வழங்குவதே. 1933 இல் இளைஞர் கழகங்கள் இவ்வியக்கத்துக்குப் புத்துயிர் அளித்தன. டொரீன் யங் (பின்னாளில் டொரீன் விக்கிரமசிங்க) அதன் தலைமையை ஏற்றார். முன்னாட் போர்வீரருக்கு நீதி கோரி எழுந்த இயக்கம் ஏகாதிபத்திய எதிர்ப்பியக்கமாக வளர்ந்தது. 1934 இன் மலேரியாக் கொள்ளைநோயின்போது அதன் தொண்டர்கள் கிராமங்களில் நிவாரணப் பணி புரிந்தனர். 1935 டிசம்பரில் இலங்கைச் சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கும் அது களம் அமைத்தது. யாரை நினைவுகூர்வது என்ற வினா ஒரு நாட்டின் அரசியலையே திசைதிருப்ப வல்லது என்பதற்கு இது சான்றாகும்.

3. போர்க்களமாகிய வேலைத்தலம்

ஒல்லாந்தரிடமிருந்து 1795 இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய திருகோணமலை, ஆசியாவின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தானியக் கடற்படை தன் கவனத்தை ஐரோப்பியக் கடல்களில் ஒருமுகப்படுத்தியபோது இத்தளத்தின் முக்கியத்துவம் குறைந்தது. கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெயில் ஓடத் தொடங்கியதும் அது மீண்டும் ஏற்றம் பெற்றது. இரு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் சீனன்குடாவை அடுத்த காட்டிலே ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் எண்ணெய் கொள்ளத்தக்கது.

ஒரு கடற்படைத்தளம் மாலுமிகளால் மட்டும் இயங்குவதில்லை. கொதிகலன் செப்பனிடுவோர், பொருத்துநர், தச்சர், வர்ணம் பூசுவோர், வள்ளக்காரர், சுமை தூக்குவோர், குழாய்களைக் காப்போர், எழுதுவினைஞர், சமையற்காரர் எனப் பலரும் அங்கு வேண்டும். திருகோணமலைக் கப்பல்கட்டுத் தளத்திலே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் எனப் பல சமூகத்தவர் இவ்வேலைகளிற் கலந்திருந்தனர். நகரின் பொருளாதாரம் பெரிதும் இத்தளத்தையே சார்ந்திருந்தது.

சிங்கப்பூர் 1942 பெப்ரவரி 15 இல் வீழ்ந்தபின், இந்துசமுத்திரத்திற் பிரித்தானியாவுக்கு எஞ்சிய முக்கிய தளங்களுள் ஒன்றாகத் திருகோணமலை விளங்கிற்று. ஏப்பிரல் 5 இல் யப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்பிரல் 9 காலை, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலைமீது குண்டு பொழிந்தன. கப்பல்கட்டுத் தளமும் சீனன்குடா விமானத்தளமும் சேதமுற்றன. உட்துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்னும் சரக்குக்கப்பல் தீப்பற்றி எரிந்தது. எண்ணெய்த் தாங்கியொன்றும் அழிந்தது. அதன்மீது யப்பானிய விமானமொன்று மோதியதாகக் கூறுவர். முன்னிரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் இறந்தனர்.

குண்டு விழுந்த அக்காலைப் பொழுதிற் சீருடை அணிந்தவனுக்கும் நாட்கூலிக்கு வந்தவனுக்குமிடையே யாதொரு வேறுபாடும் இருக்கவில்லை. இருவரும் நின்றது ஒரே மேடையில். இருவரும் செய்தது ஒரே போருக்கான வேலை. வேறுபாடு அதன் பின்னரே தோன்றியது.

குண்டுவீச்சின்பின் தொழிலாளரும் நகர மக்களும் பெருந்தொகையாக வெளியேறினர். போர்வரலாற்று நூல்கள் இதனைப் பெரும்பாலும் குறைகூறும் தொனியிலேயே குறிப்பிடுவன. தொழிலாளர் ஓடிவிட்டனர், வேலைகள் தடைப்பட்டன என்பதே அவற்றின் சாரம். இக்கூற்றினை அதே வாரத்தின் பிறிதொரு நிகழ்வோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். பிரித்தானியக் கீழைத்தேயக் கப்பற்படையும் யப்பானியரை எதிர்நிற்க இயலாது இலங்கைக் கடலை விட்டு விலகியது. அதன் பெரும் கப்பல்கள் கிழக்காபிரிக்கக் கரையிலுள்ள கிலிண்டினிக்கும் பம்பாய்க்கும் சென்றன. கப்பற்படை விலகியமை போர்த் தந்திரம் என எழுதப்பட்டது. கூலியாள் விலகியமை ஓட்டம் என எழுதப்பட்டது. பீரங்கியும் கவசமும் உடையோர்க்குப் பொருந்திய நியாயம், தன் இரு கைகளையன்றி வேறொன்றும் இல்லாதவனுக்குப் பொருந்தாது போயிற்று. அவன் படைவீரனல்லன், எனவே கௌரவத்துக்கு உரியவனல்லன். ஆனால் ஓடியவன் என்ற பழியைச் சுமத்தும்போது மட்டும் அவன் படைவீரனின் அளவுகோலால் அளக்கப்பட்டான்.

ஓடியவர்கள் என்று சொல்லப்பட்டோரின் உழைப்பில்லாமல் அத்துறைமுகம் மீண்டெழுந்திருக்க முடியாது. 1944 இற் கீழைத்தேயக் கப்பற்படையின் தலையாய தளமாகத் திருகோணமலை விளங்கிற்று. சுமத்திராவுக்கு எதிரான கடற்றாக்குதல்கள் இங்கிருந்தே புறப்பட்டன. எரிந்த சகாயிங் 1943 இல் மூழ்கடிக்கப்பட்டு இறங்குதுறையாகப் பயன்படுத்தப்பட்டது. போர்க்கப்பல்களைத் தூக்கிச் செப்பனிடுவதற்கு மிதக்கும் துறையொன்றும் கொண்டுவரப்பட்டது. 1944 ஓகஸ்ட் 8 இல் அது வலியன்ற் என்னும் பெருங்கப்பலைத் தாங்கியிருந்தபோது உடைந்து மூழ்கியது. இத்தனை வேலைகளிலும் உள்நாட்டுத் தொழிலாளரின் கை இருந்தது.

4. கல்லறையும் இழப்பீடும்

திருகோணமலை நகரின் வடக்கே, நிலாவெளி செல்லும் வீதியருகே, போர்க் கல்லறைத் தோட்டமொன்று உள்ளது. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பராமரிப்பிலுள்ள அத்தோட்டத்தின் கற்கள் ஒழுங்கும் அழகும் வாய்ந்தன. பதவி, செல்வம், குலம் என்பன நோக்காது மடிந்தோர் அனைவர்க்கும் ஒரே வகைக் கல் என்ற கொள்கை 1918 இற் கென்யன் என்பாரின் அறிக்கையால் வகுக்கப்பட்டது. வர்க்கவேறுபாடு மிகுந்த பிரித்தானிய சமூகத்தில் அஃது ஒரு முற்போக்கான கொள்கை என்பதை மறுக்கவியலாது.

ஆயின் அக்கொள்கை எங்கும் கைக்கொள்ளப்படவில்லை என்பதை அவ்வாணைக்குழுவே 2021 இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதலாம் உலகப்போரில் மடிந்த ஆசிய, ஆபிரிக்கருள் 45,000 முதல் 54,000 வரையானோர் சமத்துவமின்றி நினைவுகூரப்பட்டனர் எனவும், குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயர் குறித்து நினைவுகூரப்படவேயில்லை எனவும் அவ்வறிக்கை கூறிற்று. இவ்வாறு விடுபட்டோருட் பலர் சுமை தூக்கியோரும் தொழிலணியினருமாவர். படையின் பதிவேட்டில் இடம்பெற்ற உழைப்பாளிக்கே இதுதான் நிலை எனின், பதிவேட்டுக்கு வெளியே நின்றவனின் நிலையை ஊகித்தறியலாம்.

வேலைத்தலத்தில் இறந்தவனுக்குச் சட்டம் வேறொரு வழியைக் காட்டியது. இலங்கையில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், வேலையின்போது நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் ஊதியத்தின் அடிப்படையில் இழப்பீடு வகுத்தது. இந்தியாவில் 1943 இல், போர்க்காயங்களுக்கெனத் தொழில்கொள்வோர் காப்புறுதி செய்யவேண்டுமென்ற சட்டம் இயற்றப்பட்டது. இவை தொழிலாளர்க்குத் தேவையான சட்டங்களே. எனினும், இரு மரணங்களை அரசு இரு மொழிகளிற் பேசியது என்பதை இவை காட்டுகின்றன. ஒருவன் மரணம் தியாகம், அதற்குக் கல். மற்றவன் மரணம் நட்டம், அதற்குக் கணக்கு.

இப்பிரிவினை குடியேற்ற நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவிலேயே, 1943 தொடக்கம் படைக்குப் பதிலாக நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 48,000 இளைஞர்கள், ‘பெவின் பையன்கள்’ எனப்பட்டோர், பதக்கமின்றியே வீடு திரும்பினர். அவர்களுக்கெனச் சின்னமொன்று 2008 இலும் நினைவுக்கல் 2013 இலுமே கிடைத்தன. மாறாக, ஐக்கிய அமெரிக்க அரசு போர்க்கால உற்பத்தியிற் சிறந்து விளங்கிய 4,283 தொழிலகங்களுக்குக் கொடியும், அவற்றில் வேலைசெய்தோர்க்கு உடையில் அணியும் சின்னமும் வழங்கியது. வேலையையே சேவையாகக் கொள்வது இயலாத காரியமன்று என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. அங்கும் அளவுகோல் உற்பத்தியேயன்றி உழைத்தவன் எதிர்கொண்ட ஆபத்து அன்று என்பது வேறு விடயம்.

5. பெயர்கள் மறைந்தமைக்கான காரணங்கள்

திருகோணமலைத் தொழிலாளரின் நினைவு நிலைபெறாது போனமைக்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, உழைப்பு ஒழுங்கமைக்கப்பட்ட முறை. குடியேற்ற நாட்டுத் துறைமுகங்களிற் சுமைவேலை பொதுவாக ஒப்பந்தகாரர் வழியாகவும் கங்காணிகள் வழியாகவும் நடைபெற்றது. நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது தலைக்கணக்கே. நிரந்தர ஊழியனின் பெயரே பதிவேட்டில் நிற்கும். பதிவேட்டில் நிற்கும் பெயரே பலகைக்கு ஏறும்.

இரண்டாவது, நினைவைக் காக்கவேண்டிய நிறுவனம் அகன்றமை. பாடிங்டன் சிலை நிற்பதற்கு அந்நிலையம் இன்றும் இயங்குவது ஒரு காரணம். திருகோணமலையில் தொழில்கொள்வோனாகிய பிரித்தானியக் கடற்படை, 1957 ஒக்ரோபர் 15 இல் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்துச் சென்றது. ஏகாதிபத்தியத் தளம் அகன்றமை நாட்டின் இறைமைக்குப் பெருவெற்றி. அதே வேளை, தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் தொழிலை இழந்தன. தம் உழைப்புக்குச் சாட்சி சொல்லவேண்டிய நிறுவனத்தையும் இழந்தன.

மூன்றாவது, பின்வந்த அரசியல். விடுதலைபெற்ற நாடு, பேரரசின் போருக்கு உழைத்தோரைத் தன் வீரராக எண்ணவில்லை. பின்னர் இனப்பகையும் 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரும் திருகோணமலை மாவட்டத்து மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயர்த்தன. இடம்பெயர்ந்தோர் முதலிற் கையிலெடுப்பது பிள்ளைகளை. பழைய சேவைச் சான்றிதழும் நிழற்படமும் விட்டுச்சென்ற வீட்டோடு அழிந்துபோகும்.

பொருள்களோ நிலைத்திருக்கின்றன. சகாயிங் கப்பலை இலங்கைக் கடற்படையினர் 2018 இல் நீரிலிருந்து மேலெழுப்பினர். எஞ்சிய 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022 சனவரியில் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்தன. தாங்கிகளுக்கு இலக்கமிட்ட பட்டியல் உண்டு. எது யாருக்கு என்ற பங்கீடும் உண்டு. அவற்றைக் காத்துநின்றோர்க்குப் பட்டியல் இல்லை.

6. முடிவுரை

தொழிலகத்தின் கௌரவப் பட்டியல் என்பது சேவைக்கும் வேலைக்குமிடையே ஒரு கோட்டைக் கீறி, கோட்டின் ஒரு புறத்தாரை நினைவுகூர்வதற்கு எழுந்த வழக்கம் என்பதை மேலே கண்டோம். திருகோணமலையில் 1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி விழுந்த குண்டுகள் அக்கோட்டை அழித்தன. நினைவுகூர்ந்தவர்கள் அதனை மறுபடியும் வரைந்தனர்.

அதனைத் திருத்துவதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. அதே போரில், வங்காள விரிகுடாவின் மறுகரையில், யப்பானியர் அமைத்த சயாம் – பர்மா இருப்புப்பாதையில் நேசநாட்டுப் போர்க்கைதிகளும் ஆசியத் தொழிலாளரும் மடிந்தனர். தொகையில் மிகுந்தோர் ஆசியத் தொழிலாளரே. அவர்களுட் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர். கைதிகளுக்குக் காஞ்சனபுரியிற் பெயர் பொறித்த கல்லறைகள் விரைவிலே எழுந்தன. தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வூரில் 2023 இலேயே, தமிழ் அமைப்புகளின் முயற்சியால், நடுகல் ஒன்று எழுந்தது. எண்பது ஆண்டுகள் தாழ்ந்தேனும், அரசோ கம்பனியோ மறந்தவர்களுக்கு அவர்களுடைய சமூகமே கல் நட்டது.

திருகோணமலையிற் கல் நடுவதற்கு முன் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. அது பெயர்களைச் சேகரிப்பது. கப்பல்கட்டுத் தளத்தில் வேலைசெய்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உவர்மலையிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும், கடல்கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். அடையாள அட்டை, ஊதியச் சீட்டு, சேவைச் சான்றிதழ், குழுவாக எடுத்த நிழற்படம், தந்தை சொன்ன கதை ஆகிய யாவும் வரலாற்றுச் சான்றுகளே. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்ற பாகுபாடின்றி அவற்றைத் திரட்டுவது பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. அத்தலைமுறையை நேரிற் கண்டவர்கள் முதுமையடைந்து வருகின்றனர் என்பதை மறத்தலாகாது. கூலிப் பதிவேட்டிற் தலைக்கணக்காய் நின்றவர்கள் பெயரோடு எழுந்து வருவார்களாயின், இத்துறைமுகத்தின் வரலாறு கப்பல்களின் வரலாறாக மட்டும் இனி இராது.